நன்றியறிதலும் மனத்திட்பமும்

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நன்றியறிதல் என்னும் பொருள் பற்றிச் சில வார்த்தைகள் கூறுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். இதிலே புதிதாகச் சொல்ல என்ன இருக்கின்றது என்று இளைஞர் சிலர் எண்ணக்கூடும். பிறர் செய்த உதவியை மறக்கலாகாது என்று பாலர் வகுப்பு முதற்கொண்டு கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்திருக்கும். ஆனால் நன்றியறிதலை ஒரு கடமையாக மாத்திரம் எடுத்துரைக்க நான் இங்கு வரவில்லை. மனம் சோர்ந்து, எதிலும் குறையே கண்டு, இனி ஒன்றும் நடவாது என்று கிடக்கும் ஒருவனுக்கு அது எவ்வாறு ஊன்றுகோல் ஆகின்றது என்பதைப் பற்றியே பேச விரும்புகின்றேன்.

முதலிலே நோயைப் பார்ப்போம். பின்னர் மருந்தைப் பார்ப்போம்.

க. பொ. த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாளை எண்ணிப் பாருங்கள். வெட்டுப்புள்ளிக்குச் சற்றே கீழே நின்றுவிட்ட ஒரு பிள்ளை அன்றிரவு என்ன நினைக்கும்? "நான் எதற்கும் உதவாதவன்" என்று நினைக்கும். "எனக்கென்று ஒருவருமில்லை" என்று நினைக்கும். "இனி என் வாழ்விலே ஒன்றும் நடக்கப் போவதில்லை" என்று நினைக்கும். இம் மூன்று நினைவுகளையும் சற்று உற்று நோக்குங்கள். முதலாவது தன்னைப் பற்றியது. இரண்டாவது உலகத்தைப் பற்றியது. மூன்றாவது வருங்காலத்தைப் பற்றியது. ஆரன் பெக் என்னும் அமெரிக்க மனநோய் வைத்தியர் 1960களிலே மனச்சோர்வுற்ற நோயாளரை ஆராய்ந்தபோது, இம் மூவகை நினைவுகளே அவர்களிடத்துத் திரும்பத் திரும்பத் தோன்றுவதைக் கண்டார். தன்னை இகழ்தல், உலகை வெறுத்தல், எதிர்காலத்தை இருளாகக் காணுதல் என்னும் இம் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. ஒன்று சாய மற்றிரண்டும் அதனைத் தூக்கி நிறுத்திவிடும்.

இந் நினைவுகளில் இன்னுமொன்றைக் கவனியுங்கள். "எதற்கும்", "ஒருவரும்", "ஒன்றும்" என்னும் சொற்களே அவற்றில் நிறைந்திருக்கின்றன. ஒரு பரீட்சையில் ஒரு பாடத்திற் குறைந்த புள்ளி என்பது உண்மை. எதற்கும் உதவாதவன் என்பது உண்மையன்று. சோர்ந்த மனம் முழுப் பொய் சொல்வதில்லை. உண்மையின் ஒரு துண்டை எடுத்து அதுவே முழுமை என்று சாதிக்கின்றது. அதனாலேதான் அதனை மறுப்பது கடினமாயிருக்கின்றது.

மனம் ஏன் இப்படிச் சாய்கின்றது? வாயில் முப்பத்திரண்டு பல் இருந்தாலும், நோகின்ற ஒரு பல்லிலேயே நாக்கு போய்ப் போய்த் தொடுகின்றது. பத்துப் பேர் நம்மைப் பாராட்டி ஒருவர் பழித்தால், இரவு படுக்கையிலே நம் காதில் ஒலிப்பது அந்த ஒருவரின் குரலே. 2001ஆம் ஆண்டில் றோய் போமைஸ்டர் என்னும் உளவியல் அறிஞரும் அவருடன் சேர்ந்தோரும், அதுவரை நடந்த பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து, நல்லவற்றினும் தீயவையே மனத்தில் வலுவாகப் பதிகின்றன என்று முடிவு கூறினர். காட்டிலே வாழ்ந்த மனிதனுக்கு இஃது உதவியிருக்கும். பழத்தைக் காணத் தவறியவன் ஒரு வேளை பட்டினி கிடப்பான்; பாம்பைக் காணத் தவறியவன் பிழைக்கமாட்டான். ஆதலால் தீயதை முந்திக் காணும் இயல்பு நம்முடன் பிறந்ததே. அதற்காக எவரும் வெட்கப்படவேண்டியதில்லை. ஆனால் அதனை அப்படியே விட்டுவிடுவதும் புத்தியன்று.

ஒரு சில்லறைக் கடைக்காரரை எண்ணிக்கொள்ளுங்கள். அவர் நாள்தோறும் கணக்கு எழுதுகின்றார். ஆனால் கடனையும் செலவையும் நட்டத்தையும் மாத்திரமே எழுதுகின்றார்; வரவுப் பக்கத்தை எழுதுவதேயில்லை. மாத முடிவில் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என் வியாபாரம் அழிந்துவிட்டது" என்று தலையிற் கைவைத்து உட்காருகின்றார். அவர் எழுதியவற்றுள் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆயினும் அவருடைய முடிபு பிழை. அவருக்கு நாம் என்ன சொல்வோம்? "செலவுப் பக்கத்தைக் கிழித்தெறிந்துவிடு" என்று சொல்வோமா? சொல்லமாட்டோம். "வரவுப் பக்கத்தையும் எழுது" என்றே சொல்வோம்.

நன்றியறிதல் என்பது வரவுப் பக்கத்தை எழுதுதலே ஆகும். துன்பத்தை இல்லையென்று சொல்வதும், அழுகின்றவனைச் சிரிக்கச் சொல்வதும் அதன் வேலையல்ல. கணக்கை முழுமையாக்குவதே அதன் வேலை. இன்று நான் உங்கள் முன் வைக்க வந்த கருத்து இதுவே.

இக் கருத்தைச் சோதித்துப் பார்த்தவர்களும் உளர். 2003ஆம் ஆண்டிலே றொபேட் எமன்ஸ், மைக்கல் மக்கலோ என்னும் இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர், பல்கலைக்கழக மாணவரை மூன்று பிரிவாக்கினர். கிழமைக்கொரு முறையாகப் பத்துக் கிழமைகளுக்கு, ஒரு பிரிவினர் தாம் நன்றி பாராட்டவேண்டிய ஐந்து வரையான காரியங்களை எழுதினர். மற்றொரு பிரிவினர் தமக்கு எரிச்சலூட்டிய காரியங்களை எழுதினர். மூன்றாம் பிரிவினர் நடந்த நிகழ்ச்சிகளை மாத்திரம் எழுதினர். இறுதியிலே பார்த்தபோது, நன்றிக்குரியவற்றை எழுதினோர் தம் வாழ்வைப் பற்றி நல்லெண்ணம் மிகுந்தவராயும், வருகின்ற கிழமையை நம்பிக்கையோடு எதிர்நோக்குவோராயும் இருந்தனர். தசை நரம்பு நோயால் வருந்துவோர் சிலரிடத்தும் அவர்கள் இவ்வாறு செய்து பார்த்தனர். அவர்களுடைய மனநிலையிலும் நன்மை தோன்றியது. அவர்களுடைய நோய் நீங்கவில்லை. நோயோடு வாழும் மனம் சற்றே தெளிந்தது.

2005ஆம் ஆண்டில் மாட்டின் செலிக்மன் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் இரண்டு பயிற்சிகளைச் சோதித்தனர். ஒன்று, ஒரு கிழமைக்கு ஒவ்வோர் இரவும் அன்று நன்றாக நடந்த மூன்று காரியங்களையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதுதல். மற்றது, தமக்கு உதவி செய்தும் தம்மிடம் நன்றி பெறாத ஒருவருக்குக் கடிதமெழுதி, அதனை நேரிற் கொண்டுபோய்க் கொடுத்தல். கடிதங் கொடுத்தோருடைய மகிழ்ச்சி உடனே பெரிதும் ஏறியது; ஆனால் சில மாதங்களில் அது தேய்ந்துவிட்டது. இரவிலே எழுதியோருடைய நன்மை மெல்ல வளர்ந்து ஆறு மாதத்தின் பின்னும் நின்றது; விடாது தொடர்ந்தவரிடத்து அது மிகுந்திருந்தது.

இதிலிருந்து ஓர் உண்மையை நாம் கற்கலாம். நன்றி ஒருநாட் காரியமாயின் ஒருநாட் பயனையே தரும். அது திரும்பத் திரும்பச் செய்யப்படவேண்டியது. இதனை நம் முன்னோர் ஆராய்ச்சிக்கூடம் இல்லாமலே அறிந்திருந்தனர். தைப்பொங்கல் ஆண்டுதோறும் வருகின்றது. சென்ற ஆண்டுதானே சூரியனுக்குப் பொங்கினோம், இவ்வாண்டு வேண்டாம் என்று எவரும் சொல்வதில்லை. மறுநாள் பட்டிப் பொங்கலிலே, உழுத மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டு மாலை சூட்டுகின்றோம். நவராத்திரி முடிவிலே ஏட்டையும் எழுதுகோலையும் தொழிற் கருவியையும் வைத்து வழிபடுகின்றோம். சித்திரைப் பௌர்ணமியிலே தாயை இழந்தவரும், ஆடி அமாவாசையிலே தந்தையை இழந்தவரும் விரதமிருக்கின்றனர். கீரிமலைக் கடற்கரையிலே ஆடி அமாவாசைக் காலையில் கூடுகின்ற சனத்திரளை நினைத்துப் பாருங்கள். அங்கே தீர்த்தமாடுவோர் எல்லோரும் இழப்பை உடையவர்களே. ஆயினும் அந் நாள் புலம்பலுக்காக வைக்கப்பட்ட நாளன்று. "எனக்குத் தந்தை இல்லை" என்னும் நினைவை, "எனக்கு ஒரு தந்தை இருந்தார்" என்னும் நினைவாக மாற்றி, அந் நினைவைத் தருப்பணமாகவும் தானமாகவும் செயற்படுத்தும் நாள் அது.

தேவர் கடன், இருடிகள் கடன், பிதிரர் கடன் என்று மூன்று கடன்களோடு மனிதன் பிறக்கின்றான் என்பது நம் சாத்திரக் கொள்கை. இல்லறத்தானுக்கு ஐவகை வேள்விகள் விதிக்கப்பட்டன. தெய்வத்தை வழிபடுதல், அறிவு தந்த முனிவர்பொருட்டு வேதமோதுதல், முன்னோரை நினைத்தல், விருந்தினரை உபசரித்தல், பிற உயிர்களுக்கு உணவிடுதல் என்பன அவை. காகத்துக்குச் சோறு வைத்த பின் உண்ணுகின்ற பாட்டி இச் சாத்திரத்தைப் படித்தவரல்லர், அதன்படி வாழ்பவர். இங்கே நன்றி என்பது வாயாற் சொல்லும் உபசார வார்த்தையாக நிற்கவில்லை. அது கையாற் செய்யும் காரியமாகி நிற்கின்றது.

இனி, பெரிய புராணத்திலிருந்து ஓர் உதாரணம் காட்டுகின்றேன். நீங்கள் எல்லோரும் அறிந்த வரலாறுதான். ஆயினும் அதனை இந்தக் கண்கொண்டு ஒரு முறை பார்க்கவேண்டும்.

திருவாமூரிலே திலகவதியார் என்னும் பெண். தந்தை இறந்தார், தாயும் உடனுயிர் நீத்தார். மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். அந்த இளம் பெண்ணுக்கு இனி உலகத்தில் என்ன இருக்கின்றது? நான் முன்னர்ச் சொன்ன மூன்று நினைவுகளும் அவருக்கு எழுந்திருப்பின் எவர் குறை கூற முடியும்? அவரும் உயிர் விடவே துணிந்தார். அப்பொழுது தம்பியாகிய மருணீக்கியார் அவர் காலில் விழுந்து, தாய் தந்தையரைத் தம் தமக்கையாரிடத்தே கண்டு தாம் உயிர் தரித்திருப்பதாகவும், அவர் போவாராயின் அவருக்கு முன்னே தாம் உயிர் விடுவதாகவும் சொன்னார். திலகவதியார் தரித்தார்.

அவருடைய இழப்பு அணுவளவும் குறையவில்லை. ஆனால் "எனக்கு ஒருவருமில்லை" என்னும் கணக்கிலே எழுதப்படாமல் ஒரு பெயர் விடுபட்டிருந்தது. அந்தப் பெயர் அவர் காலடியிலேயே கிடந்தது. அதனைக் கண்டபோது அவர் வாழ்ந்தார்.

அதன் பின் நடந்ததைப் பாருங்கள். தம்பி சமண சமயம் புகுந்து, சூலை நோயால் வருந்தி, பிற வைத்தியமெல்லாம் பயனற்றுப்போக, ஓரிரவு திருவதிகைக்குத் தமக்கையிடமே வந்தார். "அன்று என்னை விட்டுப் போனாயே" என்று அவர் கதவை அடைக்கவில்லை. திருநீறு கொடுத்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். மருணீக்கியார் திருநாவுக்கரசர் ஆனார். திருநாவுக்கரசரின் பெருமையைக் கேள்வியால் அறிந்த அப்பூதி அடிகள் என்னும் அந்தணர் திங்களூரிலே இருந்தார். அவர் நாவுக்கரசரைக் கண்டதில்லை. ஆயினும் தம் பிள்ளைகளுக்கு மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்று பெயரிட்டார். வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்து, அதற்கும் அப்பெயரையே இட்டார்.

வெயிலில் வந்த ஒரு வழிப்போக்கன் அப் பந்தலிலே தண்ணீர் குடித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குத் திருவாமூர் தெரியாது; திலகவதியார் பெயரும் தெரியாது. ஆனால் அந்தத் தண்ணீரின் ஊற்றுக்கண், எல்லாவற்றையும் இழந்த ஒரு பெண் உயிரோடிருக்க இசைந்த அந்தக் கணத்திலே இருக்கின்றது. சோர்ந்து கிடக்கும் வாலிபனே, நீ இருப்பதால் யார் யாருக்குத் தண்ணீர் கிடைக்கப்போகின்றது என்பதை இன்று நீ அறியமாட்டாய். அறியாத ஒன்றை "இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிடாதே.

இந்த இடத்தில் ஒரு தடை எழுப்பலாம். "துன்பப்படுகின்றவனைப் பார்த்து நன்றியோடிரு என்று சொல்வது, அவன் வாயை அடைப்பதாகாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதிலும் நம் நாட்டிலே, 1983ஐக் கண்டவர்களும், 2004 டிசம்பர் 26ஆந் தேதிக் கடற்கோளில் உறவிழந்தவர்களும், 2009 வரை நீண்ட போரிலே வீடும் மக்களும் இழந்தவர்களும், 2022ஆம் ஆண்டின் பொருள் நெருக்கடியில் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றவர்களும் இருக்கின்ற சபையிலே இக் கேள்விக்கு விடை சொல்லாமற் போவது அறமாகாது.

என் விடை இதுதான். நன்றி, பெற்றவன் தானாக உணரவேண்டியது. கொடுத்தவனோ அதிகாரமுடையவனோ கேட்டு வாங்குவதன்று. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரை எண்ணுங்கள். 1867ஆம் ஆண்டிலே லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் வியாபாரத்துக்காகத் தேயிலை பயிரிடத் தொடங்கிய காலந்தொட்டு, இந் நாட்டின் செல்வத்தின் பெரும்பகுதி அவர்கள் முதுகிலே சுமக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அவர்களைப் பார்த்து, "கிடைத்த கூலிக்கு நன்றியோடிருங்கள்" என்று சொல்வது நன்றியின் பெயரால் செய்யும் அநீதி. அந்தக் கணக்கிலே கடன்பட்டவர்கள், காலையில் எழுந்து தேநீர் குடிக்கின்ற நாமே.

திருவள்ளுவர் இதனை எவ்வளவு நுட்பமாக அமைத்திருக்கின்றார் என்று பாருங்கள். இல்லறவியலிலே செய்ந்நன்றியறிதல் 11ஆம் அதிகாரம். அதனை அடுத்து வைத்த 12ஆம் அதிகாரம் நடுவுநிலைமை. ஏன் இந்த வரிசை? உரையாசிரியர் பரிமேலழகர் காரணம் கூறுகின்றார். நமக்கு நன்மை செய்தவரிடத்து அந் நன்மையை நினைக்கும்போது நடுவுநிலை குலையக்கூடும். அவ்விடத்தும் அது குலையலாகாது என்று உணர்த்தவே நன்றியறிதலின் பின் நடுவுநிலைமை வைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. உத்தியோகம் தேடித் தந்தவர் பிழை செய்தால் அதனைப் பிழை என்று சொல்லாமல் விடுவது நன்றியாகாது. ஆகவே நன்றியுடையவன் அநீதிக்குத் தலை வணங்கவேண்டியவன் என்று எவரும் நினைக்கவேண்டாம். வரவையும் செலவையும் ஒருங்கே எழுதுகின்றவனே நியாயத்தைத் திருத்தமாகக் கேட்க வல்லவன்.

இதற்கு நம் கண்முன்னே நிற்கும் சான்று ஒன்று உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகம் என்றவுடன் நம்மிற் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது என்ன? நெருப்பு. 1981ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறக்கும் வேளையிலே ஏறக்குறைய 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏடுகளும் சாம்பலாயின. அதை மறக்கும்படி எவரும் நமக்குச் சொல்லவேண்டாம். சொன்னாலும் நாம் கேட்கப்போவதில்லை. அது செலவுப் பக்கத்திலே எழுதப்பட்ட உண்மை.

ஆனால் அந் நூலகத்தின் கணக்கு நெருப்பிலே தொடங்கவில்லை. 1933ஆம் ஆண்டிலே கே. எம். செல்லப்பா என்னும் அன்பர், தம் வீட்டிலே நூல்களைச் சேர்த்து வைத்து மற்றவருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். அந்தச் சிறு முயற்சி ஊர்ப் பெரியோர் கைபட்டு வளர்ந்தது. புனித பத்திரிசியார் கல்லூரியின் அதிபராயிருந்த கத்தோலிக்கக் குருவானவர் லோங் அடிகள், புதிய கட்டடத்துக்காக முன்னின்று உழைத்தார். நூலகவியலில் பேரறிஞராகிய எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை கூறினார். சென்னைக் கட்டடக்கலைஞர் வி. எம். நரசிம்மன் கட்டடத்தை வரைந்தார். 1959ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. சைவரும் கிறித்தவரும், உள்ளூராரும் வெளியூராரும் ஒருங்கு சேர்ந்து கட்டிய ஆலயம் அது. எரிந்த பின்னரும் நூல்கள் கொடுக்கப்பட்டன. இந் நூற்றாண்டின் தொடக்கத்திலே அக் கட்டடம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வாசகருக்குத் திறக்கப்பட்டது. இன்று அங்கே நம் பிள்ளைகள் இருந்து படிக்கின்றார்கள்.

நெருப்பை மாத்திரம் நினைப்பவனுக்கு அந் நூலகம் ஒரு சாம்பல் மேடு. அவன் பெருமூச்சு விடுவான். அல்லது பல்லைக் கடிப்பான். அதற்குமேற் செய்ய அவனுக்கு ஒன்றுமில்லை. செல்லப்பாவையும் லோங் அடிகளையும் சேர்த்து நினைப்பவனுக்கோ, என்ன செய்யவேண்டும் என்பது தெரிந்துவிடுகின்றது. வீட்டிலிருக்கும் நாலு புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். வெறுப்பு, பிறர் நமக்குச் செய்ததையே நினைப்பூட்டும். நன்றி, நாம் செய்யக்கூடியதை நினைப்பூட்டும். சோர்ந்த மனத்துக்கு மருந்தாவது இந்த இரண்டாவது நினைவே.

இளைஞர்களே, இனி நடைமுறைக்கு வருவோம்.

முதலாவதாக, இரவு படுக்குமுன் ஒரு சிறு கொப்பியிலே மூன்று வரி எழுதுங்கள். "எல்லாவற்றிற்கும் நன்றி" என்று எழுதவேண்டாம். அது ஒன்றுக்கும் நன்றியாகாது. ஆளின் பெயரையும் அவர் செய்த காரியத்தையும் எழுதுங்கள். "மழைக்குள் சைக்கிளில் வந்து வினாத்தாள் தந்தான்" என்று எழுதுங்கள். "அம்மா தன் பங்கு மீனை என் கோப்பையில் வைத்தாள்" என்றோ, சைவ போசனமாயின் "தன் பங்கு அப்பளத்தை வைத்தாள்" என்றோ எழுதுங்கள். காரியம் சிறியதாயிருத்தல் குற்றமன்று. "ஒருவருமில்லை" என்னும் பொய்யைச் சாய்ப்பதற்கு ஒரு பெயர் போதும்.

இரண்டாவதாக, எழுதியதிற் சிலவற்றையேனும் உரியவரிடம் சொல்லுங்கள். நம் வீடுகளிலே நன்றி என்னும் சொல்லை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் குறைவு. சோறு போட்ட தாய்க்கு நன்றி கூறினால் அவள், "என்னடா, உடம்புக்குச் சுகமில்லையா?" என்று கேட்பாள். அது நம் பண்பாட்டின் அழகு. அன்பு அங்கே கணக்குப் பார்ப்பதில்லை. அவ்வாறாயின் சொல்லுக்குப் பதிலாகச் செயலிலே காட்டுங்கள். கிணற்றிலே இரண்டு வாளி தண்ணீர் அள்ளி வையுங்கள். ஆனால் உங்களுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் ஓய்வு பெற்று எங்கேனும் தனித்திருப்பாராயின், அவரிடம் மாத்திரம் ஒரு நாள் போய் வாய்விட்டே சொல்லிவிடுங்கள். அவர் செத்தவீட்டில் நோட்டீசிலே எழுதும் நன்றி அவர் காதில் விழாது.

மூன்றாவதாக, பெற்ற உதவியை இன்னொருவருக்குக் கொடுங்கள். அப்பூதி அடிகள் தண்ணீர்ப் பந்தல் வைத்தது நாவுக்கரசர் குடிப்பதற்காகவன்று. பரீட்சையில் நினைத்த புள்ளி கிடைக்காத பிள்ளை, தனக்கு நன்கு தெரிந்த கணிதத்தை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். "நான் எதற்கும் உதவாதவன்" என்னும் நினைவு, அந்தச் சிறுவன் கணக்கை விளங்கிக்கொண்டு தலையாட்டும் நிமிடத்தில் தானே உதிர்ந்து போகும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கையையும் கூறவேண்டும். 2021ஆம் ஆண்டில் பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்த ஆராய்ச்சியாளர், மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் நன்றிப் பயிற்சி தரும் பயன் சிறிதே என்றும், அத்தகையோருக்கு வேறு சிகிச்சை வேண்டுமென்றும் கூறினர். ஆகவே கிழமைக்கணக்காக உறக்கமின்றி, உணவு வெறுத்து, உயிரை வெறுத்துப் பேசுகின்ற ஒருவரிடம், "நன்றியுள்ளவனாயிரு" என்று உபதேசம் செய்யாதீர்கள். அவர் பக்கத்தில் இருங்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தையும் அறிந்து வைத்திருங்கள். 1990களின் நடுவிலே இலங்கை, தற்கொலை விகிதத்தில் உலகின் முன்வரிசையிலே நின்றது. கொடிய பூச்சிநாசினிகள் தடைசெய்யப்பட்ட பின் அது பெரிதும் குறைந்தது. கையெட்டும் தூரத்திலிருந்து நஞ்சை அகற்றியதே பல உயிர்களைக் காத்தது. மனத்துக்கு மருந்து தேடுவதோடு, ஆபத்தை அகற்றுவதும் ஆளைத் துணைநிறுத்துவதும் அறமே. காலொடிந்தவன் வைத்தியசாலைக்குப் போவது பக்திக் குறைவன்று. மனமொடிந்தவன் போவதும் அப்படியே.

இப்பொழுது பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை. "நாங்கள் விளக்கு வெளிச்சத்திலே படித்தோம், உனக்கு என்ன குறை?" என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். "அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்" என்றும் சொல்லாதீர்கள். இவை பிள்ளையின் செலவுப் பக்கத்திலே நாமே எழுதும் வரிகள். நாம் பட்ட கஷ்டம் உண்மைதான். ஆனால் அதனைச் சொல்லி நன்றியை வசூலிக்க முடியாது. மாறாக, பிள்ளை செய்த ஒரு நற்காரியத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். இந்த விழாவுக்குத் தோரணங் கட்டியவர்கள் யார், கதிரை சுமந்தவர்கள் யார், நேற்றிரவு நித்திரையின்றி அரங்கை அமைத்தவர்கள் யார் என்று கேட்டறிந்து, வீட்டுக்குப் போகுமுன் அவர்கள் முதுகிலே ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போங்கள். நன்றியறிதல் இளையோர் முதியோருக்குச் செலுத்தும் திறை என்று எண்ணுவது தவறு. முதியோர் நன்றி பாராட்டக் காணும் பிள்ளையே தானும் நன்றி பாராட்டக் கற்கின்றது.

இறுதியாக, சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சங்கத்திலே அறிக்கைப் புத்தகம் உண்டு. கணக்குப் புத்தகம் உண்டு. அவற்றோடு இன்னுமொரு கொப்பியைத் திறவுங்கள். இவ்வூர்க் கோயிற் கேணியைத் தூர் வாரியவர் யார்? சம்பளமின்றித் தேவாரம் பழக்கியவர் யார்? இந்தக் கட்டடத்துக்கு முதற் கல்லும் முதற் கிடுகும் கொடுத்தவர் யார்? இடம்பெயர்ந்த காலத்திலே நம்மவருக்குத் தம் வீட்டு விறாந்தையை ஒழித்துக் கொடுத்தவர் யார்? அவர்களுட் சிலர் மாற்றுச் சமயத்தவராயும் மாற்று மொழியினராயும் இருப்பர். அவர்களையும் விடாமல் எழுதுங்கள். முதியோரிடம் சென்று கேட்டு இளைஞர் எழுதட்டும். கேட்கின்ற இளைஞனுக்குத் தான் எத்தனை கைகளால் ஏந்தப்பட்டவன் என்பது விளங்கும். சொல்லுகின்ற முதியவருக்குத் தம் வாழ்வு வீணாகவில்லை என்பது விளங்கும். அடுத்த ஆண்டு மலரிலே அப் பெயர்களுக்கு நாலு பக்கம் ஒதுக்குங்கள்.

கிணறு ஆழமாயிருக்கின்றது என்று முறையிடுவோம். அது நம் உரிமை. அதனைக் கல்லுடைத்துத் தோண்டியவர்களையும் நினைப்போம். அது நம் கடன். இரண்டையும் நினைந்தவனே கயிற்றை எடுத்து, வாளியை இறக்குவான்.

எல்லோருக்கும் இறைவன் திருவருள் கிட்டுவதாக.